நகம் பதியாத டயர்

என் வலது கைக் கட்டைவிரல் நகத்துக்கு எங்கள் நெய்வேலி மைன்ஸில் ஒரு மரியாதை உண்டு. சிரிப்பதானால் இப்போதே சிரித்துவிடுங்கள், பிறகு நேரம் இருக்காது. கன்வேயர் பெல்ட் செக்‌ஷனில் இருபத்தாறு வருஷமாக இருக்கிறேன். சுரங்கத்திலிருந்து மண்ணையும் கரியையும் சுமந்துகொண்டு மைல் கணக்கில் ஓடும் ரப்பர் பெல்ட்டைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. புது பெல்ட் சுருள் வந்து இறங்கினால் ரப்பரின் கெட்டியை அளக்கும் லேப் மீட்டர் வருவதற்கு முன்னால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் போய் மேல் ரப்பரில் கட்டைவிரல் நகத்தை ஊன்றி ஓர் அழுத்து அழுத்துவேன். நகத்தடம் பதிந்து அப்படியே நின்றால் 'மெத்து' என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவேன். மெத்து என்றால் ஆகாது, திருப்பி அனுப்பு என்று அர்த்தம். நகம் இறங்காமல் வழுக்கினால் சரக்கு பாஸ். பிறகு வரும் மீட்டரும் பெரும்பாலும் நான் சொன்னதையேதான் சொல்லும்.

இதற்காகவே அந்த ஒரு நகத்தை மட்டும் கொஞ்சம் நீளமாக விட்டிருக்கிறேன். என் மனைவிக்கு அதைக் கண்டால் ஆகாது. சோறு பிசையும்போதெல்லாம் ஒரு பார்வை பார்ப்பாள். செக்‌ஷனில் மெத்து என்பது ஒரு வசவாகவே ஆகிவிட்டது. லீவு கேட்டு வருகிறவன் மெத்து, வெயில் தாங்காதவன் மெத்து, பெண்டாட்டி பேச்சைக் கேட்கிறவன் ரொம்ப மெத்து.

அந்த நகத்தை நம்பித்தான் காரும் வாங்கினேன். எங்கள் பிளாக்கில் நிற்பதெல்லாம் வெள்ளைக் கார்கள், ஆஸ்பத்திரியில் வரிசையாகக் கட்டில் போட்ட மாதிரி. நான் வாங்கியது சிவப்பு. குட்டை வண்டி, பின்னால் கண்ணாடிக்கு மேல் ஒரு சின்ன ரெக்கை, இரண்டு புகைக்குழாய், கதவோரம் கறுப்புப் பட்டை, சீட்டில் சிவப்பு நூல் தையல். செகண்ட் ஹேண்ட்தான். ஆனால் காலை லேசாக வைத்தாலே உறுமும். டவுன்ஷிப்புக்குள் நாற்பதைத் தாண்டக் கூடாது, திரும்பின பக்கமெல்லாம் ஸ்பீடு பிரேக்கர். உறுமி முடிப்பதற்குள் பிரேக்கில் கால் போய்விடும். போகட்டும், உறுமியது உறுமியதுதானே.

வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திய அன்று எதிர் குவார்ட்டர்ஸ்காரர் கேட் திறந்துகொண்டு வந்தார். தெர்மல் பவர் ஸ்டேஷனில் வேலை, சொந்த ஊர் கோயம்புத்தூர் பக்கம். நிதானமாக வண்டியை ஒரு சுற்று சுற்றினார்.

"பையன் வண்டிங்களா?" என்றார்.

எனக்குப் பையனே இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

"என் வண்டிதான்," என்றேன்.

"ஓ," என்றார். அந்த ஓ இன்னும் என் காதில் இருக்கிறது.

ஏன் இந்த வயதில் இப்படி ஒரு வண்டி என்று நேரடியாகக் கேட்டவள் என் மனைவி ஒருத்திதான். அவளிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். இத்தனை வருஷமும் எனக்கு ஷிப்ட். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் ராத்திரி. நான் வீட்டுக்குள் நுழையும்போது அவள் வெளியே போவாள், அவள் சமைக்கும்போது நான் தூங்குவேன். மகளைக் கட்டிக்கொடுத்துப் பெங்களூருக்கு அனுப்பியபின் வீட்டில் மிஞ்சியது இரண்டு பேரும் இரண்டு கேள்வியும்தான். "சாப்பிட்டாச்சா?" "தண்ணி பிடிச்சாச்சா?" போன வருஷம்தான் ஜெனரல் ஷிப்ட் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. அவளை முன் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகவேண்டும், கொஞ்சம் துள்ளலாகப் போகவேண்டும் என்று எனக்கு ஆசை. ஐம்பத்திரண்டு வயதில் இதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருக்காதா? அதனால் "மைலேஜ் நல்லா குடுக்கும்" என்று சொல்லி வைத்தேன். அது கொடுக்காது.

வாங்கும்போது எஞ்சினைப் பார்க்க ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போனேன். டயரை நானே பார்த்தேன். நாலு டயரிலும் பட்டன், அதாவது ரோட்டில் படுகிற மேல்வரி, தேயாமல் நிறைய இருந்தது. நகத்தை ஊன்றினேன், இறங்கவில்லை. வழுக்கிக்கொண்டு ஓடியது. பழைய ஓனரிடம், "எஞ்சின் எப்படியோ, டயர் ஏ ஒன்," என்றேன். அவன் ஒன்றும் சொல்லாமல் சாவியைக் கொடுத்தான். நல்லவன்.

மூன்றாவது ஞாயிறு காடாம்புலியூர் போனோம். அவள் பிறந்த ஊர். அவள் அண்ணன் வீட்டில் சாப்பாடு போட்டு, கிளம்பும்போது ஒரு பலாப்பழத்தையும் பின் சீட்டில் ஏற்றிவிட்டார்கள். முந்திரித் தோப்புகளைத் தாண்டி வரும்போது கோடை மழை பிடித்தது. ரொம்ப நாள் தூசிமேல் விழுந்த முதல் மழை. முத்தாண்டிக்குப்பத்துக்கு முன்னால் ஒரு வளைவு இருக்கிறது. நான் கொஞ்சம் உறுமலாகத்தான் வந்தேன், ஒத்துக்கொள்கிறேன். வளைவில் ஓர் ஆடு. பிரேக்கை மிதித்தேன். பெடல் கடகடவென்று உதறியது, வண்டி நிற்கவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினேன், முன்பக்கம் ஒரு பக்கமும் பின்பக்கம் இன்னொரு பக்கமும் போயின. எல்லாம் அடங்கியபோது வண்டி வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றது. பலாப்பழம் இரண்டு சீட்டுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்து எங்களோடு சேர்ந்து ரோட்டைப் பார்த்தது. ஆடு அசையக்கூட இல்லை.

அவள் முழங்கையில் பலாமுள் கீறி ரத்தக்கோடு. நான், "ஒண்ணும் ஆகலல்ல?" என்றேன். கதவைத் திறந்தாள், இறங்கினாள், பலாப்பழத்தைக் காம்போடு பிடித்து இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"வண்டிக்குப் பிடிப்பு இல்லீங்க," என்றாள். "நீங்க ஓட்டிகினு வாங்க. நான் பஸ்ல வூட்டுக்குப் போறேன்."

மழையில், பலாப்பழத்தோடு, முத்தாண்டிக்குப்பம் நிறுத்தம்வரை நடந்தாள். நான் பின்னாலேயே முதல் கியரில் உருட்டிக்கொண்டு போனேன். பஸ் வந்தது, ஏறினாள். பஸ்ஸுக்குப் பின்னால் நெய்வேலிவரை நானும் வந்தேன். பின் ஜன்னலில் அவள் தலை தெரிந்தது, ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

அன்றைக்குச் சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் சண்டையும் போடவில்லை, காரிலும் ஏறவில்லை. சந்தைக்கு நடந்தாள், கோயிலுக்குக் கம்பெனி பஸ்ஸில் போனாள். கல்யாண வீட்டுக்கு எதிர் குவார்ட்டர்ஸ்காரரின் வெள்ளைக் காரில், அவர் மனைவியோடு பின் சீட்டில் போனாள். நான் என் சிவப்பு வண்டியில் தனியாகப் போய் அதே பந்தலில் இறங்கினேன். "என்னங்க, தனியா?" என்று அவர் வேறு கேட்டார். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "எப்பதான் ஏறுவே?" என்று கேட்டுவிட்டேன். கீரையை ஆய்ந்துகொண்டே, "பிடிப்பு வரட்டும், நான் வரேன்," என்றாள்.

சரி, டயரை மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். தொப்பியைத் திருப்பிப் போட்ட பையன்கள் எல்லாம் டயரைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள். பர்ஃபாமன்ஸ் டயர் என்கிறார்கள், காம்பவுண்டு என்கிறார்கள், சைடுவால் என்கிறார்கள். இருநூற்று நாற்பது கிலோமீட்டர் வேகம் தாங்கும் என்று ஒருத்தன் சத்தியம் செய்தான். எனக்கு ஓர் ஆட்டுக்கு முன்னால் நின்றால் போதும். கேன்டீனில் கேட்டேன். ஒருவர் அகல டயர் போடு என்றார், ஒருவர் காற்றைக் குறை என்றார், ஒருவர் வண்டியை வித்துவிடு என்றார். கடைசியில் நமக்கு நம் நகம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு பண்ருட்டிக்குப் போனேன்.

பண்ருட்டியில் எனக்குத் தெரிந்த டயர்க்கடை பாய் ஒருவர் இருக்கிறார். அறுபது வயசு இருக்கும். சத்தம் போட்டுப் பேச மாட்டார், வியாபாரத்துக்காகச் சிரிக்கவும் மாட்டார். வண்டியை வெளியிலிருந்தே பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தார்.

"இந்த வண்டிக்கு இதாங்க சார். மழைல நிக்கும்," என்றார்.

குனிந்தேன். நகத்தை ஊன்றினேன். தடம் பிறை மாதிரி அழகாகப் பதிந்தது.

"பாய், இது மெத்து," என்றேன்.

"மெத்துனு இருந்தாத்தான் சார் ரோட்டைப் பிடிக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெல்ட் கொண்டுவருகிற சப்ளையர்கள் எத்தனை பேர் இதே மாதிரி கதை அளந்திருக்கிறார்கள். "பாய், ரப்பர்ல இருபத்தாறு வருஷம். நம்மகிட்டயேவா?" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"சார் நெய்வேலிதானே? நெய்வேலிக்காரங்களுக்கு நான் ஒரே கேள்விதான் கேக்கிறது. உங்களுக்குப் பெர்மனென்ட் டயர் வேணுமா, காண்ட்ராக்ட் டயர் வேணுமா?"

"அது என்ன பாய்?"

"பெர்மனென்ட் டயர் கெட்டி. வண்டி போயிடும், டயர் இருக்கும். தேயவே தேயாது. ஆனா அவசரத்துக்கு நில்லுன்னா, யோசிச்சுத்தான் நிக்கும். காண்ட்ராக்ட் டயர் மெத்து. ரெண்டு மூணு வருஷத்துல தேஞ்சு போயிடும். ஆனா இருக்கறவரைக்கும் உசுரைக் குடுத்து ரோட்டைப் பிடிக்கும். உங்க வண்டிக்குக் காண்ட்ராக்ட்தான் சரி."

அவர் விளங்கச் சொல்வதற்காகத்தான் சொன்னார். தினமும் பத்துப் பேரிடம் சொல்லியிருப்பார், பத்துப் பேரும் சிரித்திருப்பார்கள். எனக்கு மட்டும் சுருக்கென்றது. ஏனென்றால் நான் பதினோரு வருஷம் காண்ட்ராக்டில் இருந்தவன். அதே பெல்ட், அதே வெயில், பக்கத்தில் நிற்கிறவன் பெர்மனென்ட், நான் காண்ட்ராக்ட். அவனுக்குக் கேன்டீனில் உட்கார இடம் உண்டு, நான் தூக்குவாளியோடு பெல்ட் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவனுக்குக் குவார்ட்டர்ஸ், எனக்கு மந்தாரக்குப்பத்தில் ஒழுகுகிற ஓட்டு வீடு. நாளைக்குக் கேட்டில் உள்ளே விடுவார்களா என்பது நாளைக்குத்தான் தெரியும். பெர்மனென்ட் ஆர்டர் கையில் வந்த அன்று அதை நாலு தடவை படித்தேன். அப்படிப்பட்டவனைப் பார்த்து, உனக்குக் காண்ட்ராக்ட்தான் சரி என்றால்?

"பாய்," என்றேன், குரல் எனக்கே கொஞ்சம் உரக்கக் கேட்டது. "நான் பெர்மனென்ட். என் வண்டிக்கும் பெர்மனென்ட்தான் போடணும்."

"சார், அது டாக்ஸிக்குப் போடறது."

"அதையே போடுங்க."

கடையில் இருந்த அத்தனை டயரிலும் நகத்தை ஊன்றினேன். ஒன்றில் நகம் துளிகூட இறங்கவில்லை, நுனி மடங்கி வலித்தது. அதைத் தட்டினேன், மேஜையைத் தட்டின மாதிரி சத்தம் வந்தது. "இது," என்றேன். பாய் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு ஜாக்கியை எடுக்கச் சொன்னார். நாலையும் மாட்டிக்கொடுத்தார். நான் கிளம்பும்போது கண்ணாடிக்கருகில் வந்து, "மழைல மெதுவா போங்க சார்," என்று மட்டும் சொன்னார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவளைக் கூப்பிட்டேன். "பிடிப்பு வந்தாச்சு. வந்து பாரு."

"மழை வரட்டும், பாக்கலாம்," என்றாள்.

மழைக்காகக் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. தோட்டத்து ஹோஸ் பைப்பை இழுத்துக்கொண்டு வந்து, குவார்ட்டர்ஸ் எதிரே ரோட்டை முப்பதடிக்கு நனைத்தேன். ஒரு பழைய நீலப் பிளாஸ்டிக் வாளியை நடுரோட்டில் வைத்தேன். அது ஆடு. "இதுக்கு மூணடி முன்னாடி நிக்கும் பாரு," என்றேன். இதற்குள் எதிர் குவார்ட்டர்ஸ்காரர் தம்பதியாக வெளியே வந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டில் ஜன்னல் திறந்தது. அவள் கேட்டில் சாய்ந்து, கைகட்டி நின்றாள்.

தெருக்கோடிவரை போய்த் திரும்பி வந்தேன். முப்பதுதான் இருக்கும் வேகம். ஈரத்தில் ஏறியதும் பிரேக்கை மிதித்தேன். பெடல் கடகடவென்று உதறியது. எனக்குத் தெரிந்த கடகட. நாலு பெர்மனென்ட் டயரும் எந்த அவசரமும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போயின. வாளி கண்ணெதிரே வந்தது, பம்பரில் ஏறியது, வண்டிக்கு முன்னாலேயே சறுக்கிக்கொண்டு ஓடியது. வண்டி குறுக்கே திரும்ப, வாளியும் நானும் எதிர் குவார்ட்டர்ஸ் கேட்டில் போய் ஒன்றாக முட்டினோம். கேட் 'ணங்' என்றது. வாளி இரண்டாகப் பிளந்தது.

எதிர் குவார்ட்டர்ஸ்காரர் வந்து குனிந்து பார்த்தார்.

"நின்னுடுச்சுங்க," என்றார், ஆறுதலாக.

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. காரை விட்டு இறங்கவே இல்லை. அவள் உள்ளே போனாள். அவ்வளவுதான், இனி ஜென்மத்துக்கும் ஏறமாட்டாள் என்று நினைத்தேன். போனவள் திரும்பி வந்தாள், கையில் இரண்டு செருப்பு. ஒரு நிமிஷம் பகீரென்றது. நல்லவேளை, செருப்படி எனக்கில்லை. இரண்டையும் கார் பானெட்மேல் வைத்தாள்.

ஒன்று நான் வாங்கிக்கொடுத்த பாத்ரூம் செருப்பு. மூன்று வருஷத்துக்கு முன்னால் கடையில் நகத்தை வைத்துப் பார்த்து, கெட்டியாக இருக்கிறது, ஆயுசுக்கும் உழைக்கும் என்று வாங்கியது. அதைப் போட்டுக்கொண்டுதான் அவள் ஈரத் தரையில் வழுக்கி, கணுக்கால் வீங்கிப் பத்து நாள் படுத்திருந்தாள். செருப்பு இன்னும் புதுசு மாதிரியே இருந்தது. இன்னொன்று அவளே வாங்கிய ரப்பர் செருப்பு. குதிகால் பக்கம் தேய்ந்து காகிதமாகியிருந்தது.

"எத்த போட்டுகினு வழுக்கி வுழுந்தேன்?" என்று கேட்டாள்.

நான் கெட்டிச் செருப்பைப் பார்த்தேன்.

"எத்த போட்டுகினு மூணு வருஷமா வுழாம நடக்குறேன்?"

நான் மெத்துச் செருப்பைப் பார்த்தேன். நகத்தை வைத்துப் பார்க்கக் கை போனது, மடக்கிக்கொண்டேன்.

"பெல்ட்டு கரியைத் தூக்கிகினு போறது, கல்லு மாதிரி இருக்கட்டும். இது மனுசங்களைத் தூக்கிகினு போறது இல்லையா?" என்றாள். செருப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இருபத்தாறு வருஷ ரப்பர் ஞானம் ஒரு ஜோடி செருப்பில் முடிந்தது.

மறுநாள் பண்ருட்டி போகிற வழியெல்லாம், பாய் என்ன சொல்லிக் குத்திக்காட்டுவார், அதற்கு நான் என்ன பதில் சொல்வது என்று மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே போனேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. முன் பம்பரில் ஒட்டியிருந்த நீலப் பிளாஸ்டிக் கீறலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"காண்ட்ராக்ட்," என்றேன்.

"சரிங்க சார்," என்றார். "கழட்டுறதை டாக்ஸிக்காரருக்குக் குடுத்துடலாம்."

மாட்டிக்கொண்டிருக்கும்போது, முதல் தடவை கழட்டிப்போட்ட என் பழைய டயர் ஒன்றை உருட்டி வந்து அதன் பக்கவாட்டில் நாலு எண் அச்சிட்டிருப்பதைக் காட்டினார். எந்த வாரம், எந்த வருஷம் செய்த டயர் என்பது அதில் தெரியுமாம். வண்டி அதிகம் ஓடாமல் வெயிலிலேயே நின்றிருந்ததால் பட்டன் தேயவில்லை, ரப்பர் மட்டும் காய்ந்து இறுகிப்போயிருந்தது. நான் ஏ ஒன் என்று சொன்ன டயர் அது. பட்டன் இருந்து என்ன, பசை செத்துப்போச்சு என்றார் பாய். நான் தலையாட்டினேன். அவருக்கு முன்னால் புது டயரில் நகத்தை ஊன்றிப் பார்த்தேன். பதிந்தது. முதல் தடவையாக அந்தத் தடத்தைப் பார்த்து வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

வீட்டில் நான் ஒன்றும் பேசவில்லை. ரோட்டையும் நனைக்கவில்லை. எட்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மழை பிடித்தது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற மாதிரி இருந்தேன். அவள் அடுக்களையிலிருந்து வந்தாள், புடவை மாற்றியிருந்தாள்.

"அண்ணன் வூட்டுல பலாக்கொட்டை எடுத்து வெச்சிருக்காங்களாம். போயிட்டு வந்துடலாமா?" என்றாள்.

சாவியை எடுத்தேன். பஸ்ஸிலா காரிலா என்று கேட்கப் பயமாக இருந்தது. அவள் குடை பிடித்துக்கொண்டு போய், எதிர் குவார்ட்டர்ஸ்காரர் பார்த்துக்கொண்டிருக்க, முன் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். பெல்ட் போட்டாள். மேலே இருக்கும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

முத்தாண்டிக்குப்பம் தாண்டி அந்த வளைவு வந்தது. மழை கொட்டுகிறது. நான் மெதுவாகத்தான் போனேன், உறுமல் கிறுமல் ஒன்றும் கிடையாது. சொல்லி வைத்த மாதிரி ரோட்டோரத்திலிருந்து ஒரு மாடு இறங்கியது. மிதித்தேன். வண்டி முன்பக்கம் லேசாகக் குனிந்து, போட்ட இடத்தில் நின்றது. உதறல் இல்லை, இழுப்பு இல்லை. மாடு எங்களைப் பார்த்துவிட்டு அதன் போக்கில் போனது.

அவள் கைப்பிடியை விட்டாள். வைப்பர் நாலைந்து தடவை போய்வந்தது.

"இது எத்தினி நாளிக்கு வரும்?" என்று கேட்டாள்.

"ரெண்டு வருஷம், மூணு வருஷம். சீக்கிரம் தேஞ்சிடும். பாய் இதைக் காண்ட்ராக்ட் டயருங்கிறார்," என்றேன். சொல்லும்போது இன்னும் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. "கெட்டி டயரை பெர்மனென்ட்டுங்கிறார். அது தேயாது, பிடிக்கவும் செய்யாது."

அவள் சிரித்தாள். ரொம்ப நேரம் சிரித்தாள். எனக்கு எதற்கென்று புரியவில்லை.

"மந்தாரக்குப்பத்துல இருந்தப்ப," என்றாள், "இப்டித்தான் ஒரு மழை. என்னை சைக்கிள் கேரியர்ல உக்கார வெச்சு, வழுக்கிடப் போவுதுன்னு ஆஸ்பத்திரியிலேந்து வூடு வரைக்கும் தள்ளிகினே வந்தீங்க. ஒரு கையில சைக்கிள், ஒரு கையில என்னைப் பிடிச்சுகினு. அப்ப நீங்க காண்ட்ராக்ட்."

நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பல்லாம் உங்களுக்கு ரொம்பப் பிடிப்பு," என்றாள். "ஆர்டர் வந்தப்புறந்தான்..." முடிக்கவில்லை.

பதினைந்து வருஷமாக எனக்குத் தெரியாத ஒன்றை அவள் சொல்லவில்லை. தெரிந்ததைத்தான் சொன்னாள். பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்தான், அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவள் கியர்மேல் இருந்த என் கையைத் தன் பக்கம் இழுத்தாள். மணிக்கட்டுக்கு மேலே, சதையில், தன் கட்டைவிரல் நகத்தை ஊன்றி ஓர் அழுத்து அழுத்தினாள். செக்‌ஷனில் நான் செய்வதை எங்கே பார்த்தாளோ, அச்சாக அப்படியே. நகத்தை எடுத்துவிட்டு, கண்ணைச் சுருக்கி அந்தத் தடத்தைப் பார்த்தாள்.

"பதியுதுங்க," என்றாள். "வண்டிய எடுங்க."